பெட்டியின் மேல் எழுதும் விலை

வெளிநாட்டுக் கடைக்குக் கைத்தொலைபேசியில் ஓடர் போட்டுவிட்டு, "விலையைக் குறைத்து எழுதுங்கள், 'அன்பளிப்பு' என்று போடுங்கள்" என்று விற்பவரைக் கேட்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, சற்று நில்லுங்கள். நம் மட்டக்களப்பில், கல்லடியிலும் ஆரையம்பதியிலும் வாழைச்சேனையிலும் இதைக் கெட்டித்தனம் என்று சொல்லிக் கொள்கிறோம். கெட்டித்தனம் அல்ல, பொய். அந்தப் பொய்யின் பக்கத்திலேயே உங்கள் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கின்றன.

பொருளின் விலை, ஏற்றுகூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்ததே சுங்கம் கணக்கெடுக்கும் பெறுமதி. அதன்மேல் பொருளுக்கேற்ற தீர்வை. பெரும்பாலான பொருட்களுக்குப் பெறுமதி சேர் வரியும் உண்டு. 2024 ஜனவரி முதல் அது 18 சதவீதம். பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வராத காலத்தையும் நாம் கண்டோமே! 2019 டிசம்பரில் அதே வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வேறு காரணங்களும் சேர்ந்தன, திறைசேரி வெறுமையாயிற்று. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததை மறந்துவிட்டோமா? ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்ததை மறந்துவிட்டோமா?

காசுள்ளவர் அன்றும் வெளியில் வாங்கினார். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்த ஏழைத் தாய் என்ன செய்தாள்? அவளுக்கு அரச ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லை. வாவிக்கு இப்பால் எழுவான்கரையில் இருந்துகொண்டு நாம் மறைக்கும் வரி அவளுடைய மருந்திலிருந்துதான் குறைகிறது.

காத்தான்குடியில் கடை வைத்திருப்பவரையும் நினையுங்கள். முறையாக இறக்கி, தீர்வை கட்டி, வாடகையும் வேலையாட்களின் சம்பளமும் கொடுத்து அதே உடுப்பை விற்கிறார். சொந்தப் பாவனைக்கென்று பத்துப் பார்சலாகப் பிரித்து எடுத்து, முகநூலில் விற்பவரோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்? நாளை அந்தக் கடை பூட்டப்பட்டால், அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

"மேலே இருப்பவர்கள் கோடி கோடியாகக் களவெடுக்கும்போது நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்பீர்கள். அவர்கள் களவு நம் களவை நியாயமாக்காது. கணக்குக் கேட்கும் உரிமை நேர்மையாகக் கட்டியவனுக்கே உறுதியாக இருக்கும். பொய் எழுதியவன் குரல் எழும்ப முன்னமே தாழ்ந்துவிடும். வரி கூடிவிட்டதா? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் உரக்கச் சொல்லுங்கள், எழுதுங்கள், வாக்கில் காட்டுங்கள். பொய்ச் சீட்டு ஒருநாளும் எதிர்ப்பாகாது.

"என் ஒரு பார்சலால் நாடு கவிழ்ந்துவிடுமா?" என்றும் கேட்பீர்கள். தடை செய்த தங்கூசி வலையை வாவியில் இறக்குகிறவனும் இதையேதான் கேட்கிறான்: என் ஒரு வலையால் மீன் அற்றுப் போய்விடுமா? குஞ்சோடு அள்ளும் வலை ஒவ்வொன்றின் பின்னாலும் இந்தக் கேள்வி இருக்கிறது. வலை வீசி வெறுங்கையோடு கரையேறும் மீனவரிடம் அதன் விடையைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே இன்றே தீர்மானியுங்கள். ஓடர் போட முன்னம் தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், கட்டுப்படியாகாவிட்டால் வாங்காதீர்கள். மருந்து, விதை, ட்ரோன், வானொலிக் கருவி போன்றவற்றுக்கு அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். கட்டும் காசுக்குப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில்லாமல் யாருடைய கையிலும் ஒரு ரூபாயும் வைக்காதீர்கள்.

பெட்டி வீட்டுக்கு வரும்போது முதலில் ஓடி வருவது உங்கள் பிள்ளை. மேலே ஒட்டியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கும். "இது ஐயாயிரம் என்றீர்களே, இதில் ஐந்நூறு என்றிருக்கிறதே, அப்பா?" என்று அது கேட்கும் நாள் வராமல் பாருங்கள். அடுத்த பெட்டியிலாவது உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள்.