பரிகாரமும் கரிமக் கணக்கும்

ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் கரிமத் தடம் மூன்று வட்டங்களாகக் கணக்கிடப்படுகிறது. ஜெனரேட்டர் டீசல், விடுதிச் சமையல் எரிவாயு, சொந்தப் பேருந்துகள் என வளாகமே எரிப்பது முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மாணவர்கள் வந்துபோகும் பயணம், வாங்கும் பொருள்கள், குப்பை ஆகியவை மூன்றாவது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. இந்திய மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. பெருக்கிக் கூட்டினால் தொகை வந்துவிடும். அந்தத் தொகையை வேறொரு நற்செயலால் கழித்துவிடலாமா என்பதுதான் சிக்கலான கேள்வி.

ராமநாதபுரக் கரைக்கு இது பழகிய கேள்வி. ராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் நீங்க ராமன் லிங்கம் வைத்து வழிபட்டான் என்பது ராமேசுவரத்தின் தலக்கதை. கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராட வருவோரில் பலர் இன்றும் பரிகாரம் தேடியே வருகிறார்கள். பிராயச்சித்தம் பேசும் மனுஸ்மிருதியின் 11ஆம் இயல் சடங்கோடு நின்றுவிடவில்லை. செய்ததற்கு வருந்தி, இனிச் செய்வதில்லை என்று விலகுவதையும் கேட்கிறது. ஓரியூர்த் திருத்தலத்துக்கு வரும் கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்திலும், கீழக்கரை முஸ்லிம்களின் தவ்பா எனும் மன்னிப்பு வேண்டலிலும் இந்த நிபந்தனை உண்டு. ஏசி ஓட்டத்தைக் குறைக்காமல் மரக்கன்று நட்டுக் கணக்கை நேர்செய்யும் வளாகம் இம்மூன்று மரபுகளிலும் தேறாது.

புண்ணியம் யாருடையது என்பதும் பார்க்கப்பட வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இயங்கும் தொண்டிக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் கடற்புல் படுகைகள் உள்ளன. கடற்புல் கரிமத்தைச் சேற்றில் புதைத்து வைக்கும். ஆனால் கரையில் வளாகமே இல்லாவிட்டாலும் அந்தப் புல் வளரும். எந்த நிறுவனமும் அதைத் தன் வரவில் எழுத முடியாது. 2016இல் திறக்கப்பட்ட கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அப்படித்தான். அதன் மின்சாரம் பொதுத் தொகுப்பில் கலந்து, 0.7 என்ற எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பக்கத்து ஊர் என்பதால் புண்ணியம் ஒட்டிக்கொள்ளாது. புண்ணியம் நிலைக்குமா என்பதும் கேள்விதான். மாவட்டமெங்கும் மண்டிய சீமைக்கருவேலமும் கரிமம் சேர்க்கும் மரமே. மூட்டம் போட்டுக் கரியாக்கி எரித்தால் அத்தனையும் காற்றுக்குத் திரும்பும்.

பாவத்தை மன்னிக்க இறைவன் உண்டு என்கின்றன சமயங்கள். காற்று மண்டலத்தில் அப்படி எவரும் இல்லை. வெளியேறிய வாயுவில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கேயே இருக்கும்.

ஆகவே கூரைச் சூரியத் தகடு, குறைந்த டீசல், இருசக்கர வாகனத்துக்குப் பதில் பேருந்து என்று குறைப்பது முதல் கடமை. ஈடுசெய்வது மிச்சத்துக்கு மட்டும். மிச்ச உமிழ்வையும் ஈட்டையும் தனித்தனி வரிகளில் எழுத வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பூஜ்யம் என்று காட்டும் அறிக்கையை ஏற்க வேண்டியதில்லை.