பழகிய கருவிக்கு நாம் கடன்பட்டவர்களா?

ஒரு கருவியைக் கைவிடுவதில் நன்றிகேடு என்று ஒன்று உண்டா? உழவன் ஏரை மாற்றுகிறான். தையற்காரர் கால்மிதி இயந்திரத்தை விட்டு மின்சார இயந்திரத்துக்குப் போகிறார். அவர்களை யாரும் விசுவாசம் அற்றவர்கள் என்று ஏசுவதில்லை. ஆனால் நிழற்படக் கலைஞர்களிடையே சில ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கைச் செவிமடுத்தால், அறநூல்களுக்கு உரிய சொற்களெல்லாம் அங்கே தாராளமாகப் புழங்கக் காண்கிறோம். கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவிலேயே நிலைத்திருப்பவர், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவரை ஆசை பிடித்தவர் என்கிறார். மாறியவரோ மற்றவரைச் சோம்பேறி என்கிறார்; பிடிவாதக்காரர் என்கிறார். ஓர் இயந்திரத்தைப் பற்றிய பேச்சில் இத்தனை கனமான சொற்கள் நுழைந்துவிட்டால், அவை அங்கே இருக்கத் தக்கவைதாமா என்று பார்ப்பது, சொற்களோடு காலம் கழித்த நம்மைப் போன்றோரின் வேலையாகிறது.

வழக்கு விளங்குவதற்குக் கருவியைச் சற்றே அறிதல் வேண்டும். டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியை, 45 பாகைச் சாய்வில் நிற்கும் சிறு கண்ணாடி ஒன்று மேல்நோக்கித் திருப்புகிறது. அங்கே உள்ள ஐங்கோணப் பட்டகம் அதனை நேராக்கிப் பார்ப்பவரின் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழுந்து வழிவிடுகிறது, மூடுதிரை திறக்கிறது, ஒளி பின்னேயுள்ள உணரியில் விழுகிறது, கண்ணாடி மீண்டும் இறங்குகிறது. நாம் கேட்டுப் பழகிய அந்த ‘டக்’ என்னும் ஓசை இவற்றால் எழுவதே. படச்சுருள் காலத்தில், 1959-இல் வந்த நிக்கான் எஃப் போன்ற கருவிகளால் உலகெங்கும் வேரூன்றிய அமைப்பு இது. டிஜிட்டல் காலம் படச்சுருளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் உணரியை வைத்தது. கண்ணாடியை மட்டும் அப்படியே விட்டுவைத்தது.

மிரர்லெஸ் கருவியில் கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. ஒளி நேரே உணரியில் விழுகிறது. உணரி கண்டதைச் சின்னஞ்சிறு மின்திரையொன்று காட்டுகிறது. அத்திரையைத்தான் கண் பார்க்கிறது. 2008-இல் பானசோனிக் ஜி1 இவ்வகைக்கு வழிதிறந்தது. 2013-இல் சோனி ஏ7 வந்தது. 2018-இல் நிக்கானும் கேனனும் தத்தம் முழு அளவு உணரிக் கருவிகளோடு அதே வழியில் இறங்கின. 2020-இல், சந்தைக்கு அனுப்பப்பட்ட எண்ணிக்கையில் மிரர்லெஸ் பழையதை முந்தியது.

இடையே ஒரு சொல். கேமரா என்பது அரபியிலிருந்து பிறந்த சொல் என்று நம்மவர் சிலர் மேடைகளில் பெருமையோடு கூறுவதுண்டு. அது சரியன்று. இலத்தீனில் வளைந்த கூரையுள்ள அறையைக் குறித்த சொல் அது; போர்த்துகீசியர் வாயிலாக உருதுவில் ‘கம்ரா’ என்று அறைக்கே பெயராயிற்று. இல்லாத பெருமை நமக்கெதற்கு? பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ இருக்கிறதே. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாவதில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே உண்டாகிறது என்று அந்நூல் வாதிட்டு நிறுவியது. இருட்டறையின் சிறு துளை வழியே விளக்குகளின் ஒளி புகுவதையும் அவர் சோதித்துப் பார்த்தார். இன்றைய வழக்கின் நடுவே நிற்பதும் அவர் எழுப்பிய கேள்வியின் உறவுதான்: பொருளின் ஒளி நம் கண்ணை அடைகிறதா, இடையில் வேறொன்று நின்று அதைப்பற்றி நமக்குச் சொல்கிறதா?

டி.எஸ்.எல்.ஆர். அன்பர்களின் வலுவான வாதம் இதுவே. ‘நாங்கள் பொருளையே பார்க்கிறோம், அவர்கள் ஒரு சிறிய தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள்’ என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கண்ணாடிவழிப் பார்வைக்கு மின்சாரம் வேண்டாம், காலத்தாழ்வும் இல்லை. உணரியும் திரையும் ஓயாமல் உழைப்பதால் மிரர்லெஸ் கருவி மின்கலத்தை வேகமாகக் குடிக்கிறது. 2017-இல் வந்த நிக்கான் டி850-க்கு ஒரு மின்னேற்றத்தில் 1,840 படங்கள் என்று கணக்குச் சொன்ன அந்நிறுவனமே, அடுத்த ஆண்டு தன் மிரர்லெஸ் இசட்7-க்கு அதே அளவுமுறையில் 330 என்றுதான் சொல்ல முடிந்தது.

எனினும் அவ்வாதம் ஓரிடத்தில் இடறுகிறது. பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே எழுந்துவிடுகிறதன்றோ? அப்போது பார்வைத் துளை இருண்டுபோகிறது. ஆகவே டி.எஸ்.எல்.ஆர். பிடித்தவர், தாம் எடுத்த கணத்தைத் தவிர அதற்கு முன்னும் பின்னும் உள்ள கணங்களையெல்லாம் பார்க்கிறார்! படம் பதிவான அந்த நொடித்துளியை அவர் கண் கண்டதே இல்லை. மேலும், அவர் காண்பது ஒளியை. படம் எவ்வாறு அமையும் என்பதை அன்று. வெளிறிப்போகுமா, கறுத்துப்போகுமா என்பதை அனுபவத்தால் ஊகிக்கிறாரே தவிரப் பார்ப்பதில்லை. மிரர்லெஸ் திரையோ வரப்போகும் படத்தை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஆனால் எதிரே நிற்கும் மனிதரின் முகத்து ஒளியை அப்படியே காட்டுவதில்லை. ஒன்று பொருளைக் காட்டிப் படத்தை மறைக்கிறது. மற்றது படத்தைக் காட்டிப் பொருளை மறைக்கிறது. ‘உண்மை எங்கள் பக்கம்’ என்று எவரும் கொடிபிடிக்க இங்கே இடமில்லை.

இனி விசுவாசம் என்ற சொல்லுக்கு வருவோம். அரபியில் ‘வஃபா’ என்றும் ‘உல்ஃபத்’ என்றும் இரு சொற்கள் உண்டு. கொடுத்த வாக்கை முழுமையாக நிறைவேற்றுவது வஃபா. பழகிப் பழகி உண்டாகும் நெருக்கம் உல்ஃபத். வீட்டில் வளர்ந்து பழகிய விலங்கை ‘அலீஃப்’ என்று அழைப்பதும் அவ்வேரிலிருந்துதான். வஃபாவுக்கு இரு தரப்பார் வேண்டும், ஓர் உடன்படிக்கை வேண்டும். இரும்பும் கண்ணாடியும் நம்மோடு உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. எனவே கேமராவை மாற்றுகிறவர் எவருக்கும் துரோகம் செய்தவராகார். ஆனால் உல்ஃபத் என்பது வெறும் மனமயக்கம் என்று தள்ளிவிடவும் நாம் ஒப்போம். பத்தாண்டுக் காலம் ஒரே கருவியைக் கையாண்டவரின் கட்டைவிரல், அவர் நினைக்கும் முன்னரே உரிய சக்கரத்தைத் திருப்புகிறது. அவருடைய கவனம் முழுவதும் எதிரே உள்ள மனிதரிடம் இருக்கிறது. அது உழைத்துச் சேர்த்த சொத்து. எந்தக் கடையின் விலைப்பட்டியலிலும் அது எழுதப்படுவதில்லை. கருவியை மாற்றுகிறவர் பணத்தோடு சேர்த்து இதையும் செலவிடுகிறார். இளைஞரால் ஓரிரு மாதங்களில் மீட்டுக்கொள்ள முடியும். ஐம்பதைக் கடந்த நம் விரல்களுக்கு அவ்வளவு எளிதன்று.

வாக்குக் கொடுத்தவர் என்று எவரையேனும் சொல்ல வேண்டுமானால், கருவியைச் செய்தவரைத்தான் சொல்ல வேண்டும். லென்ஸை உடலோடு பூட்டும் வளையம் இருக்கிறதே, அதுவே எழுதப்படாத உடன்படிக்கை. ‘இன்று வாங்கும் லென்ஸ் நாளை நாங்கள் செய்யும் கேமராவுக்கும் பொருந்தும்’ என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் ஆண்டுக்கொன்றாக லென்ஸ் சேர்க்கிறார். கேனன் நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த எஃப்.டி. வளையத்தை 1987-இல் ஒரேயடியாகக் கைவிட்டு, முற்றிலும் மின்தொடர்பால் இயங்கும் ஈ.எஃப். வளையத்துக்கு மாறியது. பழைய லென்ஸ்கள் புதிய உடலில் நேரே பொருந்தவில்லை, சேர்த்துவைத்திருந்தோர் வெகுண்டனர். நிக்கான் 1959-ஆம் ஆண்டு வளையத்தையே டி.எஸ்.எல்.ஆர். காலம் முழுதும் கட்டிக்காத்தது. எவர் செய்தது அறம்? நிக்கான் என்று நாவில் உடனே வருகிறது. ஆனால் தானே குவியும் லென்ஸ்களைத் தடையின்றி வளர்க்க அந்த முறிவே கேனனுக்கு உதவியது என்பதையும், நிக்கான் காத்த வாக்கு நாளடைவில் மெலிந்தது என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். 2006-இல் வந்த நிக்கான் டி40-இல், பழைய லென்ஸ்களைக் குவியச் செய்யும் மோட்டாரே உடலில் இல்லை. லென்ஸ் பூட்டிக்கொள்ளும், கையால்தான் குவிக்க வேண்டும். வாக்கின் எழுத்து நின்றது. பொருள் பாதி போயிற்று.

கண்ணாடி போனபின் வளையம் மாறியதற்குக் காரணம் வலியது. கண்ணாடி ஆட இடம் வேண்டி, நிக்கான் எஃப் வளையத்துக்கும் உணரிக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கண்ணாடி இல்லாத இசட் வளையத்துக்கு 16 போதும். நெருக்கமும் அகலமும் கிடைத்ததால் லென்ஸ் அமைப்பாளருக்குக் கை விரிந்தது. இம்முறை இரு நிறுவனங்களும் பழைய லென்ஸ்களைப் பூட்ட இணைப்பு வளையம் தந்தன. மாறுகிறவர் தம் லென்ஸ் எதுவென்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே மோட்டார் இல்லாத நிக்கான் லென்ஸ்கள் அந்நிறுவனத்தின் இணைப்பு வளையத்தில் தானே குவியமாட்டா.

நம்மிடம் மாலை வகுப்பில் ஓதிய ஓர் இளைஞர் இன்று திருமணப் படங்கள் எடுத்துப் பிழைக்கிறார். “ஹஸ்ரத், கடன் வாங்கினால் மூன்று சீசன் வருமானம் அதற்கே போய்விடும். வாங்காவிட்டால் கூப்பிடமாட்டார்கள். என்ன கேமரா என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் தருகிறார்கள்” என்றார். படத்தைப் பாராமல் கருவியின் பெயரைக் கேட்கும் இவ்வழக்கம் நமக்கு எரிச்சலூட்டுகிறது. சமையற்காரரிடம் அண்டாவின் பெயரைக் கேட்டு யாரும் பிரியாணிக்குச் சொல்வதில்லை. நாம் அவரிடம் ஒன்றுதான் கேட்டோம்: “சென்ற ஆண்டு உம் கேமராவால் தவறிப்போன படங்கள் எவை?” சற்று யோசித்து, மங்கிய மண்டபத்தில் ஓடிய குழந்தைகள் தெளிவின்றி விழுந்ததைச் சொன்னார். அது மெய்யான தேவை. கண்ணைத் தேடிப் பற்றிக் குவிக்கும் திறன் புதிய கருவிகளில் சிறந்திருக்கிறது. மற்றவை பிறர் பார்வைக்கான அலங்காரம். அதற்காகக் கடன்பட வேண்டாம் என்றோம். நமக்கோ அந்தத் தேவையும் இல்லை. நாம் படமெடுப்பது பழைய அரபுத்தமிழ்ச் சுவடிகளை. சுவடி ஓடாது, கண் சிமிட்டாது. மேலும் பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது டி.எஸ்.எல்.ஆரும் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு மிரர்லெஸ்ஸாகவே நடக்கிறது!

இவ்வழக்கில் எவரும் பேசாத தரப்பு ஒன்றுண்டு: படமெடுக்கப்படுகிறவர். புதிய கருவிகளால் சிறிதும் ஓசையின்றி எடுக்க முடியும். சொற்பொழிவிலும் துக்க வீட்டிலும் இது பெரிய நன்மை. ஆனால் அந்த ‘டக்’ என்னும் ஓசை எதிரே இருப்பவருக்கு ஓர் அறிவிப்பாகவும் இருந்தது. கேட்டதும் திரும்பி, ‘வேண்டாம் தம்பி’ என்று கையசைக்க அவருக்கு வாய்ப்பிருந்தது. ஜப்பானில் விற்கும் கைபேசிகள் படமெடுக்கையில் ஒலி எழுப்பும்படி செய்யப்பட்டிருப்பது, திருட்டுத்தனமாகப் படமெடுப்பதைத் தடுக்கவே. கண்ணாடியோடு போய்விட்ட அந்த அறிவிப்பை இனி எடுப்பவர் தம் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை அவ்விளைஞரிடம் சொன்னபோது, சில மிரர்லெஸ் கருவிகளில் செயற்கை ஓசையை எழுப்பும் வசதி உண்டு என்றும், வாங்கினால் ஓதும் நேரம் தவிர மற்ற வேளைகளில் அதைத் திறந்தே வைப்பதாகவும் சொன்னார். இன்னும் வாங்கவில்லை. அடுத்த மாதத்து நிக்காஹ் இரண்டையும் பழைய கருவியிலேயே எடுக்கவிருக்கிறார்.