சௌசம்

தன் அழுக்கை வெளியே தள்ளிவிட்டால் ஒருவனுடைய சௌசம் நிறைவெய்துமா? இவ்வினாவுக்குச் சரீரமே முதல் விடையளிக்கிறது.

மனிதனுடைய இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை உதிரத்திலிருந்து வடிக்கின்றன. வெளியேறுவதோ சுமார் ஒன்றரை லிட்டரே. எஞ்சிய நீரும், சர்க்கரையும், வேண்டிய உப்பும் மீண்டும் உதிரத்தையே அடைகின்றன; யூரியா முதலிய கழிவின் மிகுதி நீங்குகிறது. நீர் குறைந்த நாளில் சிக்கனமும், மிகுந்த நாளில் தாராளமும் காட்டி, சரீரத்தின் சமநிலையை அவை காக்கின்றன. ஆகவே சுத்தியின் சாரம் தள்ளுவதன்று. கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பகுத்துணரும் விவேகமே.

காஞ்சி நெசவுத்தொழிலிலும் இவ்விவேகம் உண்டு. கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் காய்ச்சிப் பசையை நீக்கினால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கழிந்து பளபளப்புத் தோன்றும்; அளவு மீறிக் காய்ச்சினாலோ இழையே நலியும்.

ஆயினும், கழிந்தது எங்கே செல்கிறது என்பதும் தர்மத்தைச் சார்ந்த வினாவே. திருவெஃகாவில் எம்பெருமான் அணையாகச் சயனித்துத் தடுத்தருளியதாகத் தலபுராணம் போற்றும் வேகவதியில் இன்று ஊர்க்கழிவு கலந்து பாலாற்றை நோக்கிச் செல்கிறது. கரையில் வாழும் எளியவரே அதன் துன்பத்தை முதலில் அனுபவிக்கின்றனர்.

சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீ ராமாநுஜருடைய சித்தாந்தம். அங்ஙனமாயின், அழுக்கைத் தள்ளுவதற்கு 'வெளி' என்றோர் இடம் ஏது? தன் வாசலைத் தூய்மை செய்து அயலான் வாசலை அழுக்காக்குவது சௌசமாகாது. பிறருக்குத் தீங்கு நேராவண்ணம் கழிப்பதே சௌசம் என்று அன்பர்கள் உணர்வார்களாக.