ஊசிக்கு ஐயம், மாத்திரைக்கு வணக்கம்!

"ஊசியா? வேண்டாம், வேண்டாம்! ஆண்மை அழிந்துவிடும்!"

"மாத்திரையா? கொடு, கொடு! ஆண்மை பெருகும்!"

இருவர் பேச்சென்று எண்ணிவிடாதீர், தோழர்காள்! ஒருவன் பேச்சுத்தான். நோய் தடுக்கும் ஊசியைக் கண்டு நடுங்கும் அவன், கடைக்காரன் நீட்டும் உயிர்ச்சத்து மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி விழுங்குகிறான். முன்னதற்குச் சான்று கேட்கிறான். பின்னதற்கு விலை மட்டும் கேட்கிறான்!

சான்று கேட்பது குற்றமா? அன்று, அது அறிவுடைமை. நம் உடலுட் செல்லும் பொருள் எதுவாயினும், அது என்ன செய்யும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், கேட்டவன் விடை வரும்வரை நிற்க வேண்டாமா? வந்த விடையைச் செவிமடுக்க வேண்டாமா?

கொரோனாக் கொடுநோய் நாட்டை உலுக்கிய காலம். தடுப்பூசி வருமுன்னே வதந்தி வந்தது, ஊசி போட்டவன் ஆண்மையிழப்பான் என்று. 2021 சனவரியில், ஊசிக்கு ஒப்புதல் அறிவித்த நாளிலேயே, நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் அதனை வெறும் பிதற்றல் என மறுத்துரைக்க வேண்டி வந்தது. மறுப்போடு நின்றதா அறிவியல்? இல்லை. அமெரிக்காவின் மயாமிப் பல்கலைக்கழகத்தார், அந்நாட்டில் இடப்பட்ட ஊசிக்கு முன்னும், இரு ஊசிகளுக்குப் பின்னும், 45 ஆடவரின் விந்தணுக்களை ஆய்ந்தனர். அவ்வாண்டே முடிவு வெளிவந்தது: குறைவு ஏதும் காணப்படவில்லை. நாற்பத்தைந்து பேர் போதுமா என்பீர்கள், நல்ல கேள்வி! 2022இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2,000க்கும் மேற்பட்ட இணையரின் கணக்கைத் தந்தனர். கருவுறும் வாய்ப்பை ஊசி குறைக்கவில்லை. ஆடவனைப் பற்றிய அந்நோயோ சிறிது காலத்துக்குக் குறைத்தது! காவற்காரனைக் கள்வன் என்றோம். கள்வனுக்கோ கதவைத் திறந்துவைத்தோம்!

புதுக்கதையா இது? பொன்னுக்குவீங்கி, பருவமெய்திய ஆடவரைப் பற்றுமாயின், விரைகளையும் வீங்கச் செய்து, சிலரது விந்து வளத்தைக் குன்றச் செய்யும் என்பதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். அதனைத் தடுப்பதும் ஊசியே!

இனி, வணக்கத்துக்குரிய மாத்திரையைத் தராசில் ஏற்றுவோம். அமெரிக்காவில், மகவு வேண்டிச் சிகிச்சை நாடிய 2,370 இணையரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஆடவரில் ஒரு பாதியினருக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும். மறுபாதியினருக்கு மருந்தற்ற போலி மாத்திரை. ஆறு திங்கள் உண்டனர். 2020இல் வந்த முடிவு யாது? மெய் மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 34 இணையருக்குப் பிள்ளை பிறந்தது. போலி உண்டோரில் 35 இணையருக்கு! விந்தணுவின் தரமும் உயரவில்லை. வயிற்றுக் கோளாறுதான் மிகுந்தது. உடலின் குறையைக் கண்டறிந்து மருத்துவர் தரும் உயிர்ச்சத்தை நாம் பழிக்கவில்லை. ஆராயாது விழுங்கும் நம்பிக்கையைத்தான் சாடுகிறோம்.

ஏன் இந்த இரட்டைத் தராசு? மாத்திரை அவனைப் புகழ்கிறது. சோதனைக்கூடமோ அவனைச் சோதிக்கிறது! மகவில்லா இணையரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண்பாற் காரணமும் உண்டு என்கிறது மருத்துவம். எனினும், 'மலடி' என்னும் சொல்லம்பு யார்மீது பாய்கிறது? அரசமரத்தைச் சுற்றுபவள் யார்? நோன்பிருந்து மெலிபவள் யார்? மறுமணப் பேச்சைக் கதவிடுக்கில் கேட்டு விம்முபவள் யார்? ஒருநாட் சோதனைக்கு அஞ்சும் ஆடவன், ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறான். அவன் வீணாக்கும் ஆண்டுகள் அவனுடையவை மட்டுமா? அவளுடையவையும் அல்லவா!

தன் அச்சத்துக்குப் பிறரைப் பலியிடுவது அறமாகாது. தனக்கு இனிப்பதை நம்புவதும், தன்னை உறுத்துவதை மறுப்பதும் பகுத்தறிவாகாது. பகுத்தறிவின் கையில் இருப்பது ஒரே தராசு.

தோழனே! ஊசியைக் கேட்ட கேள்வியை மாத்திரையையும் கேள். இரண்டையும் கேட்டபின், உன்னையும் கேள். ஆண்மை என்பது அஞ்சாமை என்று மார்தட்டுகிறாயே, சோதனைக்கூடத்தின் வாயிற்படியை மிதித்துக் காட்டு! அவளைத் தனியே அனுப்பாதே, உடன் செல்!