தோல் பெல்ட் கட்டலாமா?

வீட்டில் மாட்டிறைச்சி தொடமாட்டோம். ஜிம்மில் மாட்டுத்தோல் பெல்ட்டை இடுப்பில் கட்டலாமா? தெமியாங்கில் பளு தூக்கும் தம்பிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் பார்த்தா முடியுமா?" என்று சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை.

கோயிலில் ஒலிக்கும் மிருதங்கமும் தோல்தானே என்பார்கள். உண்மை. ஆனால் அந்த நாதத்துக்கு மாற்று தேடுவது கஷ்டம். பெல்ட் கதை வேறு. பெல்ட் நம் முதுகைத் தூக்கிப் பிடிப்பதில்லை. மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, அதன்மேல் தள்ளுகிறோம். வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்பு உறுதியாக நிற்கிறது. இதற்கு இழுபடாத பட்டை போதும். என் தாத்தா தோட்டத்தில் காண்டா சுமந்தபோது துண்டைத்தான் இறுக்கிக் கட்டினார்! பவர்லிப்டிங் போட்டி விதியிலும் தோலுக்கு மட்டுமல்ல, வினைலுக்கும் இடமுண்டு. அகலம் 10 செ.மீ., தடிப்பு 13 மி.மீ. தாண்டக்கூடாது.

பெரிய எடைக்குத் தடித்த தோல்தான் அதிக உறுதி, மறைக்கவில்லை. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் தூக்கும் எடைக்கு நைலான் தாங்கும். புதிதாக வாங்குகிறவன் அதையே வாங்கட்டும்.

ஏற்கெனவே தோல் பெல்ட் இருந்தால் வீசிவிடாதீர்கள். போன உயிர் திரும்பாது. குப்பையில் போட்டால் அதற்கு இரண்டாவது அவமரியாதை. வியர்வையைத் துடைத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். நம்ம ஊர் ஈரத்தில், பைக்குள்ளே சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். நல்ல தோல் பல வருஷம் உழைக்கும். உங்களுக்குப் போதும் என்றானபின், புதுசு வாங்கப் போகும் தம்பியிடம் அதைக் கொடுங்கள்.