ஆற்றைக் காத்த கணக்கு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஓஸார்க் மலைகளுக்கு நடுவே, அணை எதுவும் இல்லாமல் ஓடுகிறது பஃபலோ ஆறு. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் அங்கே வருகிறார்கள். துடுப்புப் படகில் போகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கூழாங்கல் திட்டுகளில் கூடாரம் அடித்துப் பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விடுகிறார்கள். 1972இல் நாட்டின் முதல் ‘தேசிய ஆறு’ என்று சட்டமே இயற்றி அதைக் காப்பாற்றினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், அந்த ஆற்றில் வந்து சேரும் பிக் கிரீக் ஓடைக்கருகே, மவுண்ட் ஜூடியா என்னும் சிற்றூரில், 6,500 பன்றிகள் கொள்ளும் பண்ணைக்கு மாநில அரசே அனுமதி கொடுத்தது. ஆற்றைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறைக்கே அது பிறகுதான் தெரிய வந்தது.

இப்படிப்பட்ட பண்ணையில் பன்றிகள் மண்ணை மிதிப்பதில்லை. சந்து விட்டுப் போட்ட தளத்தின் மேல் நிற்கின்றன. கழிவு அந்தச் சந்துகள் வழியே கீழே குழியில் விழுந்து, வெளியே உள்ள குட்டைகளில் தேங்குகிறது. பிறகு அதை எடுத்துச் சுற்றியுள்ள புல்வெளிகளில் உரமாகத் தெளிக்கிறார்கள். குட்டிகள் லாரி ஏறி வேறு ஊர்களுக்குப் போய்விடும்; கழிவு மட்டும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தங்கும். புல்லுக்குத் தேவையான தழைச்சத்தைக் கணக்கிட்டுத் தெளித்தால், அதோடு வரும் பாஸ்பரஸ் தேவைக்கு மிஞ்சி, ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அது நீரில் இறங்கினால் பாசிக்குத்தான் விருந்து.

அந்த நிலமோ சுண்ணாம்புப் பாறை நிலம். மேலே பச்சைப் புல், அடியில் துளையும் வெடிப்பும் குகையும். ஓடும் ஓடை திடீரென்று மண்ணுக்குள் மறைந்து, வேறோர் இடத்தில் ஊற்றாகப் பொங்கும். ஓய்வுபெற்ற நிலத்தடி நீரியல் பேராசிரியர் ஒருவர், பண்ணை வயல்களுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிணற்றில், உடலுக்குத் தீங்கில்லாத பச்சைச் சாயத்தைக் கலந்து பார்த்தார். சில மைல்களுக்கு அப்பால் ஊற்றுகளிலும் பஃபலோ ஆற்றிலும் அந்தச் சாயம் தென்பட்டது. அரசின் கோப்பில் பண்ணைக்கும் பூங்காவுக்கும் இடையே எல்லைக்கோடு உண்டு. தண்ணீர் அந்தக் கோட்டை மதிக்கவில்லை.

ஊரார் கிளர்ந்தார்கள். படகு வாடகைக்கு விடுபவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், மனு எழுதினார்கள், நீரின் மாதிரி எடுத்தார்கள். பண்ணை வாங்கிய கடனுக்கு உத்தரவாதம் தந்த மத்திய அரசுத் துறைகள் சுற்றுச்சூழல் பாதிப்பைச் சரியாக ஆராயவில்லை என்று 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண்ணையால்தான் ஆறு கெட்டது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டதா என்றால், இல்லை. ஆனால் அப்படிப்பட்ட நிரூபணத்துக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை ஒஹாயோவில் பார்க்கலாம். அங்கே கிராண்ட் லேக் செயின்ட் மேரிஸ் என்று ஒரு பெரிய ஏரி. சுற்றிலும் கோழியும் பன்றியும் மாடும் நெருக்கமாக வளர்க்கும் ஊர்கள். 2010 கோடையில் நச்சுப் பாசி படர்ந்து, தண்ணீரைத் தொடவே வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. 2011இல் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் நலிந்த பகுதியாக அறிவித்து, எரு தெளிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதற்குள் படகுத் துறைகளும் விடுதிகளும் வெறிச்சோடிவிட்டன.

இதுவரை சொன்னதில் நியாயம் ஒரு பக்கமே இருப்பதுபோலத் தோன்றும். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மறுபக்கம். பண்ணை நடத்தியவர்கள் வெளியூர் முதலாளிகள் இல்லை; தலைமுறைகளாக அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள். கார்கில் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு, கடன் வாங்கி, அரசு கேட்ட காகிதங்களையெல்லாம் கொடுத்துத்தான் தொடங்கினார்கள். அவர்களுக்கும் அந்த ஆற்றோடு ஒரு பழைய வலி உண்டு. 1972இல் தேசிய ஆறு பிறந்தபோது, கரையிலிருந்த குடும்பங்கள் பலவற்றின் நிலத்தை அரசு வாங்கியது. விற்க மனமில்லாதவர்களும் விற்க நேர்ந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் தனியாக மாடு வளர்த்து வாழ்ந்த ஒரு மூதாட்டியும் வெளியேறினார். அவர் விட்டுப்போன வீட்டை இன்று மலையேறி வருபவர்கள் படம் எடுத்துப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் ‘பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னாலே வயிற்றில் புளி கரைத்ததில் வியப்பில்லை.

முதல் முறை ஆற்றைக் காத்தபோது விலையைக் கரைவாசிகள் கொடுத்தார்கள், பலனை நாடு அனுபவித்தது. பண்ணை வந்தபோது கணக்கு தலைகீழானது: மலிவான இறைச்சி எங்கோ போக, விலையை ஆறு கொடுக்கும் ஆபத்து வந்தது. இரண்டிலும் பிழை ஒன்றே. எல்லாருக்கும் சொந்தமான ஒன்றின் செலவை யாரோ சிலர் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை நாலு பேர் தோளில் ஏற்றினால் தேரும் நகராது, அந்த நாலு பேர் மனத்தில் பக்தியும் மிஞ்சாது. ஆற்றைக் காக்கச் சட்டமும் அறிவியலும் வேண்டும். ஆனால் கரையில் இருப்பவனை எதிரியாக்கிவிட்டு எந்த ஆற்றையும் நெடுநாள் காக்க முடியாது.

2018இல் மாநிலம் பண்ணைக்குப் புதிய அனுமதி மறுத்தது. ஆனாலும் இழுபறியை முடித்தது 2019இல் எட்டிய உடன்பாடுதான். பண்ணையை மூட 62 லட்சம் டாலர். பெரும்பகுதி அரசுப் பணம், கொஞ்சம் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தந்தது. அனுமதி மறுக்கப்பட்ட தொழிலை மூடுவதற்கு இவ்வளவு பணமா என்று பலர் சினந்தார்கள். எனக்கு அந்தத் தொகையில் குறை தெரியவில்லை. அனுமதி கொடுத்தபோது அரசு செய்த தவறுக்கு அரசே கட்டிய அபராதம் அது. பன்றிகளை ஏற்றிச் சென்றார்கள், குட்டைகளைக் காலி செய்தார்கள். நிலம் மட்டும் பண்ணைக் குடும்பங்களிடமே இருக்கிறது. இனி இப்படிப்பட்ட பண்ணை அங்கே வராது என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். இந்த முறை யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.