சிரிப்பு நிற்கும் இடம்

பம்பாயில் பார்சிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்: அவர்களைக் கிண்டலடிக்க நமக்கு அவர்கள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. பாட்லிவாலா, தாரூவாலா என்ற குடும்பப் பெயர்கள், நாற்பது வயதிலும் அம்மா முந்தானையை விடாத பிள்ளைகள், பழைய மோட்டாரைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடும் தாத்தாக்கள், எல்லாவற்றையும் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். 1854-லேயே ‘பார்சி பஞ்ச்’ என்று கேலிச்சித்திரப் பத்திரிகை நடத்தியவர்கள். ஆதி மர்ஸ்பானின் நாடகங்களுக்குக் குடும்பத்தோடு போய், மேடையில் தங்களையே பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்.

சாவுகூட விலக்கில்லை. 1941-ல் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தவர்கள், 2011 கணக்கெடுப்பில் 57,264 பேர். பிறப்பை விட இறப்பு அதிகம். இறந்தவர்களை வைக்கும் மலபார் ஹில் தோக்மாவில் உடல்களை உண்ண வேண்டிய பிணந்தின்னிக் கழுகுகளும் இல்லை; மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து அவற்றைத் தீர்த்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த பார்சி நண்பர் இதை ஒரு வரியில் முடித்தார்: “யார் முதலில் போவது என்று கழுகுக்கும் எங்களுக்கும் போட்டி. கழுகு ஜெயித்துவிட்டது, தீக்ரா (மகனே).”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தயக்கமும் வந்தது. அவர் சொன்னால் நகைச்சுவை. அதையே நான் ஊருக்கு வந்து சொன்னால் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. நம் குன்னூர் வெலிங்டனில் கடைசிக் காலத்தைக் கழித்த பார்சி ராணுவத் தளபதி மானெக்‌ஷா, 1942-ல் பர்மாவில் குண்டுகள் பாய்ந்து கிடந்தபோது, என்ன ஆயிற்று என்று கேட்ட மருத்துவரிடம் கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம். காயம் அவருடையது, சொல்லலாம்.

2013-ல் மத்திய அரசின் ‘ஜியோ பார்சி’ திட்டம் வந்தது. பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லி அடுத்து வந்த விளம்பரங்களிலும் அதே குறும்பு: இப்படியே போனால் தாதர் பார்சி காலனி, பக்கத்து ஹிந்து காலனியோடு சேர்ந்துவிடும் என்று ஒன்று. சமூகத்துக்குள்ளேயே சிலர் கொதித்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்ற பெண்களை ஏன் குற்றவாளியாக்குகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. தன்னைத் தானே கேலி செய்கிறவர்களைப் பரந்த மனசுக்காரர்கள் என்று நாம் சட்டென்று நம்பிவிடுகிறோம். எதைக் கேலி செய்கிறார்கள் என்பதை விட, எந்த இடத்தில் கேலி நின்றுபோகிறது என்று பார்ப்பதே நல்லது.

நண்பர் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம், தான்சாக் சாப்பாடு. பார்சி அல்லாதவரை மணந்த அவர் அக்காவும் வந்திருந்தார். பார்சித் தகப்பனின் பிள்ளையை, தாய் யாராக இருந்தாலும், சடங்கு செய்து சமயத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வெளியில் மணந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த வாசல் இல்லை. 1908-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை ஒட்டி இன்றும் நடக்கும் வழக்கம் இது. கழுகுக் கதை மறுபடி வந்து, மேஜையே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னார்: “ஆள் குறைகிறது என்று அழுகிறீர்களே, என் வீட்டில் இரண்டு பேர் சும்மாதான் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போங்களேன்.”

அன்று மதியம் சொன்னவற்றில் அதுதான் நல்ல ஜோக். சிரித்தது அக்காவும் நானும்தான். நண்பர் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.